நம் பாட்டுக்கு யாரோ போட்ட பூட்டு

சென்ற வாரம் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது பழைய அலுவலக நண்பர் ஒருவர் என்னை நிறுத்தினார். "கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடச் சொல்லிட்டாங்க சார். நல்லாத்தான் ஓடுது, ஆனா இனிமே பாதுகாப்பு இல்லையாம். புதுசுக்கு 50,000 ஆகும்னு கடைக்காரப் பையன் சொல்றான்" என்றார். மனிதர் அந்தக் கணினியில்தான் தன் பஜனைக் குழுவின் பாட்டுகளைப் பதிவு செய்கிறார்.

விஷயம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வேண்டுமானால் ஒரு வருடம் தவணை நீட்டிப்பு உண்டு. அடுத்த பதிப்பான 11 வேண்டுமென்றால் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அதாவது, 2016இல் வாங்கிய கணினி எவ்வளவு திடமாக இருந்தாலும் தேர்வில் தோல்விதான்.

"போடாதீர்கள், லினக்ஸுக்கு மாறுங்கள்" என்றேன். நண்பர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. வீட்டில் உட்கார்ந்து பாட்டு, வாத்தியம், பழைய கேசட் என்று பதிவு செய்யும் நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் மாறியது 2020இல். பணத்துக்காக மாறவில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கோஷ்டி ஐந்து பேர். ஆர்மோனியம் நான். 2011 முதல் 2018 வரை என் வீட்டு நடு அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க 43 பாட்டுகள் பதிவு செய்தோம். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனித் தடத்தில். 2019இல் எங்கள் மிருதங்கக்காரர் காலமானார். மறு வருடம் அவர் மகன் வந்து கேட்டான்: "அப்பா வாசிச்சது மட்டும் தனியாக் கிடைக்குமா அங்கிள்?"

"அதற்கென்ன, இப்போதே எடுத்துத் தருகிறேன்" என்று பெருமையாகக் கணினியைத் திறந்தேன். ஒரு மாதம் முன்புதான் ஹார்டு டிஸ்க் மாற்றியிருந்தேன். பதிவு மென்பொருள் தன்னை மறுபடி பதிவு செய்யச் சொன்னது. காசு கொடுத்து வாங்கியது, ரசீதும் இருந்தது. ஆனால் அந்தப் பதிப்பை நிறுவனம் கைவிட்டுவிட்டதாம். புதிய பதிப்புக்கு மாதச் சந்தா கட்டச் சொன்னார்கள். கட்டத் தயாரானால், அந்தப் புதியது என் கணினியில் ஏறாது. 43 பாட்டும் என் மேசை மேல், என் டிஸ்க்கில் இருக்கின்றன. திறக்கும் சாவி மட்டும் யாரோ ஒருவர் கையில். அந்தப் பையன் முகத்தை அன்று என்னால் பார்க்க முடியவில்லை.

நான் வேலை பார்த்த காலத்தில், குடியுரிமைக் காகிதத்துக்காக யாராவது பாட்டனாரின் பிறப்புப் பதிவைத் தேடி வருவார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவேட்டை எடுத்துப் புரட்டுவேன். 1880களின் மை பழுப்பாகியிருக்கும், ஓரம் செல்லரித்திருக்கும். ஆனாலும் வாசிக்கலாம். எழுதிய குமாஸ்தா இல்லை, அவரை நியமித்த அரசாங்கமும் இல்லை, காகிதம் விற்ற கடையும் இல்லை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 130 வருடத்துப் பதிவேடு திறக்கிறது. ஒன்பது வருடத்துப் பாட்டு திறக்கவில்லை. இதற்குப் பெயர் முன்னேற்றமா?

பிறகு நடந்தது இதுதான். நாங்கள் பாடிய ஒலித்துண்டுகள் வேவ் கோப்புகளாக ஒரு மூலையில் கிடந்தன. எந்தத் துண்டு எந்தப் பாட்டில் எந்த நொடியில் வர வேண்டும் என்ற கணக்குதான் பூட்டுக்குள் போய்விட்டது. பழைய கணினியில் உபுண்டு ஸ்டுடியோ என்ற லினக்ஸை ஏற்றினேன். இசைப் பதிவுக்கென்றே தொகுத்து, 2007 முதல் வெளியிட்டு வருகிறார்கள். அதிலுள்ள ஆர்டர் என்ற பதிவு மென்பொருளில் துண்டுகளைக் காதால் கேட்டுக் கேட்டு அடுக்கினேன். ஏழு மாதம். 29 பாட்டுகள் மீண்டன. 14 மீளவில்லை.

ஆர்டர் எப்படிச் சேமிக்கிறது என்று பார்த்தபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. ஒலியெல்லாம் சாதாரண வேவ் கோப்புகள். எந்தத் துண்டு எங்கே என்ற கணக்கு எழுத்தாகவே ஒரு கோப்பில் இருக்கிறது. எந்த எழுதுபலகை மென்பொருளிலும் திறந்து வாசிக்கலாம். நாளைக்கு ஆர்டரே இல்லாமல் போனாலும் விவரம் தெரிந்தவர் ஒருவர் அதை மீட்டுவிடுவார். இவ்வளவு எளிதான காரியத்தைக் காசு வாங்கியவர்கள் ஏன் செய்யவில்லை? முடியாமல் அல்ல. பூட்டு இருந்தால்தான் வாடகை வரும்.

இனி ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

"இலவசமாகக் கிடைப்பது தேர்தல் மிக்ஸி மாதிரிதானே இருக்கும்?" இந்தக் குழப்பத்துக்கு ஆங்கிலம்தான் காரணம். அதில் இரண்டுக்கும் ஃப்ரீ என்ற ஒரே சொல். நான் படித்த பிரெஞ்சில் இரண்டு சொல் உண்டு. காசில்லாதது கிராத்துய், கட்டில்லாதது லீப்ர். இந்த மென்பொருள்களை லோஜிசியேல் லீப்ர் என்பார்கள். தமிழிலும் கட்டற்ற மென்பொருள் என்று அழகாகச் சொல்கிறோம். ஆர்டரையே ஆயத்தமாக அதன் தளத்திலிருந்து இறக்கப் பணம் கேட்பார்கள். கொடுக்கலாம், நியாயம்தான். ஆனால் கொடுத்த பிறகு அது நம்முடையது. தரத்தைப் பற்றிக் கேட்டால், நீங்கள் தினமும் சினிமா பார்க்கும் அந்த ஆரஞ்சுக் கூம்பு விஎல்சி, பாரிஸ் எகோல் சாந்த்ராலில் மாணவர்கள் 1996இல் தொடங்கிய வேலை. அதுவும் கட்டற்றதுதான். பிரான்ஸின் ழாந்தார்மெரி படை 2008 முதல் தன் கணினிகளை உபுண்டுவுக்கு மாற்றியது. சிவப்புத் தொப்பியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைவிட என்ன சிபாரிசு வேண்டும்?

"பாடும்போது தாமதம் வருமாமே?" நல்ல கேள்வி. நாம் வாசிப்பது கணினிக்குள் போய் நம் காதுக்குத் திரும்ப நேரம் பிடித்தால் தாளம் கெடும். ஒலியைக் கணினி கொத்துக் கொத்தாக வாங்கும். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் 256 மாதிரிகள் கொண்ட கொத்து என்றால், ஒரு கொத்துக்குச் சுமார் ஐந்து மில்லி செகண்டு. ஒலி காற்றில் ஒன்றே முக்கால் மீட்டர் கடக்கும் நேரம் அது. போக வர இரண்டு மடங்கு, கொஞ்சம் கூடவும் ஆகும். மேடையில் மிருதங்கக்காரர் நமக்கு அவ்வளவு தள்ளித்தான் உட்காருவார். என் பழைய கணினி இதைத் தடுமாறாமல் செய்கிறது. இப்படி நேரம் தவறாமல் இயங்கும் வசதி முன்பு தனி ஒட்டுப்போட்டுச் சேர்க்க வேண்டியது. 2024 நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12ஆம் பதிப்பிலிருந்து மூலத்திலேயே சேர்ந்துவிட்டது.

"இந்த வயசுல புதுசா எதைக் கத்துக்கறது?" இதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாம் பிரெஞ்சில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் கோப்புக் குறிப்பு எழுதக் கற்றவர்கள். பிரெஞ்சுத் தட்டச்சில் ஏ இருக்கும் இடத்தில் ஆங்கிலத் தட்டச்சில் கியூ இருக்கும். விரல்களைத் திருப்பிப் பழக்கினோம். ஐம்பது வயதில் கணினி வந்தது, அதையும் பழகினோம். மேலதிகாரி உத்தரவு போட்டபோதெல்லாம் கற்றுக்கொண்ட நாம், நமக்காக ஒன்றைக் கற்க வரும்போது மட்டும் வயதைச் சொல்வது நியாயமா?

நஷ்டத்தையும் மறைக்கவில்லை. நான் காசு கொடுத்து வாங்கிய தம்பூராச் சுருதி மென்பொருள் லினக்ஸில் ஓடவில்லை. எலக்ட்ரானிக் தம்பூராப் பெட்டியை மைக் முன்னால் வைத்துப் பதிவு செய்கிறேன். சிலர் வாங்கிய வாத்திய ஒலித் தொகுப்புகளும் ஓடாது. ஒலியை உள்வாங்கும் பெட்டி வாங்கினால், தனி டிரைவர் இல்லாமல் யுஎஸ்பியில் செருகியதும் வேலை செய்கிற வகையாகக் கேட்டு வாங்குங்கள். முதல் மாதம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இரண்டாம் மாதம் குறைந்தது.

நண்பரே, உங்கள் கணினியை உடனே அழிக்க வேண்டாம். பென்டிரைவில் உபுண்டு ஸ்டுடியோவை ஏற்றி, நிறுவாமலே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கிவிடலாம், பழையது அப்படியே இருக்கும். ஞாயிறு காலை வீட்டுக்கு வந்தால் நானே ஏற்றித் தருகிறேன்.

மாறவே மாட்டேன் என்கிறீர்களா, போகட்டும். ஒரு காரியமாவது இன்றைக்கே செய்யுங்கள். உங்கள் பாட்டு ஒவ்வொன்றையும் திறந்து, ஒவ்வொரு தடத்தையும் முதல் நொடியிலிருந்து கடைசி வரை தனி வேவ் கோப்பாக எடுத்து, வேறொரு டிஸ்க்கில் வைத்து, யார் வாசித்தது என்று பெயர் எழுதி வையுங்கள். திறக்க முடிகிற காலத்திலேயே செய்துவிடுங்கள்.

மிருதங்கக்காரர் மகனுக்கு 29 பாட்டுகளைத்தான் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "மீதி எங்கே அங்கிள்?" என்று அவன் கேட்கவில்லை. அவர் வாசித்ததிலேயே நல்லது அந்தப் பதினான்கில் ஒன்று. அது எனக்குத் தெரியும்.