கரன்ட் பாயாத ஃபைபர் கேபிள்... உப்புக்காற்றில் எரிவது எப்படி?

புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்டபோது, செங்குத்தாக மேலே எழும்பும் அதன் தூக்குப் பகுதிதான் ரீல்ஸ் முழுக்க ஓடியது. அதைவிட முக்கியமான விஷயம் கண்ணுக்குத் தெரியாது: துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பிகள், பாலிசிலாக்ஸேன் பெயின்ட். அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்து உலகிலேயே இரும்பை அதிகம் அரிக்கும் இடம் பாம்பன்தான் என்று அடிக்கடி சொல்வார்கள். காரைக்குடி சிக்ரி ஆய்வகம், உலோகங்களை உப்புக்காற்றில் வைத்துச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததும் சும்மா இல்லை.

அதே உப்புதான் மின்கம்பங்களில் தொங்கும் இன்டர்நெட் கேபிளிலும் படிகிறது. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் வேலையை டான்ஃபிநெட் நிறுவனம் செய்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் மட்டும் 429 ஊராட்சிகள். பள்ளம் தோண்டிப் புதைப்பதைவிடக் கம்பத்தில் இழுப்பது மலிவு, வேகம். அதனால் கேபிளின் பெரும்பகுதி மின்வாரியக் கம்பங்கள் மேலேயே போகிறது.

'ஃபைபர்னா கண்ணாடிதானே, கரன்ட் எப்படிப் பாயும்?' நியாயமான கேள்விதான். பாதி மட்டும் சரி.

பனி போடும் சுவிட்ச்

மின்கம்பியோடு சேர்ந்து போவதற்கென்றே ஏ.டி.எஸ்.எஸ். என்றொரு கேபிள் இருக்கிறது. உள்ளே கண்ணாடி இழைகள், எடையைத் தாங்க அராமிட் நார் (புல்லட் புரூஃப் ஜாக்கெட்டில் இருப்பதும் இதே நார்தான்), வெளியே பிளாஸ்டிக் மேலுறை. உலோகம் துளிகூட இல்லை. ஆனால், மேலுறை மீது உப்புப் படலம் சேர்ந்து அதில் ஈரமும் பட்டால், கேபிளின் வெளிப்புறமே ஒரு மெல்லிய கம்பி மாதிரி ஆகிவிடுகிறது.

பக்கத்தில் உள்ள உயரழுத்தக் கம்பிகளின் மின்புலம் இந்த ஈரப்படலத்தில் ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. கேபிளைப் பிடித்திருக்கும் கிளாம்ப் உலோகம். அது டவர் வழியாகப் பூமியோடு இணைந்திருக்கிறது. ஆக, கசிவு மின்னோட்டம் கேபிளின் மேல் ஊர்ந்து கிளாம்ப்பை நோக்கி வருகிறது. கிளாம்ப்பை நெருங்க நெருங்க மின்னோட்டம் கூடும், சூடும் கூடும். அந்தச் சூட்டில் ஓரிடம் மட்டும் சட்டென்று காய்ந்துபோகும். இப்போது மொத்த மின்னழுத்தமும் அந்தக் காய்ந்த பட்டையின் இரு முனைகளுக்கு நடுவே வந்து நிற்கிறது. பொறி பறக்கிறது. இதன் பெயர் 'ட்ரை பேண்ட் ஆர்க்கிங்'.

பாய்வது சில மில்லி ஆம்பியர்தான். ஆனால் தினம் விடிகாலை அதே இடத்தில் பொறி விழுந்தால் பிளாஸ்டிக் கருகிப் பள்ளமாகும், அராமிட் வெளியே தெரியும், ஒருநாள் கேபிள் அறுந்து கீழே வரும். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. பிரிட்டனில் 400 கே.வி. லைன்களில் இந்தக் கேபிளைத் தொங்கவிட்டுச் சோதித்தவர்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். 1992-ல் கார்ட்டர், வால்ட்ரன் என்ற இருவர் இதற்குக் கணக்கு மாதிரியே போட்டுக் கொடுத்தார்கள்.

ராமநாதபுரத்துக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நல்ல மழை பெய்தால் உப்பு தானாகவே கழுவப்பட்டுவிடும். ஆனால் இந்த மாவட்டத்துக்கு மழை என்பது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். மற்ற மாதங்களில் காற்று உப்பைக் கொண்டுவந்து பூசிக்கொண்டே இருக்கும், கழுவ ஆளில்லை. கொட்டும் மழையைவிட ஆபத்தானது விடிகாலைப் பனியும் முதல் தூறலும்தான்: நனைக்கும், ஆனால் கழுவாது.

ஜாயின்ட்டில் ஏன் வம்பு?

தலைமுடி தடிமனுள்ள இரண்டு இழைகளை மெஷினில் வைத்து, சின்ன மின்பொறியால் உருக்கி ஒட்டுவதுதான் ஸ்ப்ளைசிங். (ஒட்டுவதும் பொறி, எரிப்பதும் பொறி!) அந்த மெஷின் வேலை இன்று சுலபம். வம்பு அதைச் சுற்றித்தான்.

ஜாயின்ட் வரும் டவரில் இரு பக்கமும் கேபிளை இழுத்துக் கட்ட வேண்டும், பிறகு டவர் உடலோடு கீழே இறக்க வேண்டும். கிளாம்ப்புகள் அதிகம், அதாவது பொறி விழக்கூடிய இடங்களும் அதிகம். இறங்கும் கேபிளைச் சரியாகப் பிடித்துக் கட்டாவிட்டால் காற்றில் ஆடி டவரில் உரசி மேலுறை தேயும். பிளேடு கொஞ்சம் ஆழமாகப் பட்டாலோ, ஜாயின்ட் பாக்ஸின் ரப்பர் வாஷர் கேபிள் அளவுக்குப் பொருந்தாவிட்டாலோ, உப்பு ஈரம் உள்ளேயே நுழையும். வெளியே இருந்த கசிவுப் பாதை இப்போது உள்ளேயும் ஒன்று.

சீனாவில் பரவலாக உள்ள ஓ.பி.பி.சி. முறையில் சவால் இன்னும் பெரிது. அங்கே ஃபைபர், கரன்ட் ஓடும் கம்பிக்குள்ளேயே இருக்கும். ஜாயின்ட் போட்டுக் கீழே இறக்க, ஜெல் நிரப்பிய குழல் இன்சுலேட்டர் வழியாக இழையைக் கொண்டுவர வேண்டும். ஜெல்லில் ஒரு காற்றுக்குமிழியோ ஈரமோ தங்கினால் போதும், இன்சுலேட்டருக்கு உள்ளேயே மின்காப்பு உடைந்துவிடும்.

அப்படியென்றால் தடுப்பது எப்படி? பெரும்பாலான முடிவுகள் மெஷினைத் திறப்பதற்கு முன்பே எடுக்க வேண்டியவை. கேபிள் தொங்கும் இடத்தில் எவ்வளவு மின்னழுத்தம் தூண்டப்படும் என்று முதலில் கணக்கிட வேண்டும். ஐ.இ.இ.இ. 1222 தரநிலைப்படி அது 12 கே.வி.யைத் தாண்டினால் சாதாரண மேலுறை கூடாது, பொறியைத் தாங்கும் தனி ரக மேலுறை வேண்டும். கடலோரத்துக்கு இன்சுலேட்டர் வாங்கும்போது ஒரு கே.வி.க்கு 31 மி.மீ. ஊர்வு நீளம் கேட்பது மின்துறைக்குப் பழக்கமானதுதான். பீங்கானுக்குக் காட்டும் அந்தக் கறாரைக் கேபிளுக்கும் காட்ட வேண்டும். மாநிலம் முழுக்க ஒரே ரகம் என்று டெண்டர் போடுவது கணக்குக்கு வசதி, மண்டபத்துக்கு வசதி இல்லை.

கம்பத்தில் ஏறுபவர் யார்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உங்கள் தெருவின் 11 கே.வி., 22 கே.வி. கம்பத்தில் இந்தப் பொறிக்கான வாய்ப்பு குறைவு. 22 கே.வி. லைனில் ஒரு கம்பிக்கும் பூமிக்கும் இடையில் இருப்பதே சுமார் 12.7 கே.வி.தான், கீழே தொங்கும் கேபிளுக்கு வருவது அதைவிட மிகக் குறைவு. 110 கே.வி.யும் அதற்கு மேலும்தான் உண்மையான பிரச்னை.

தெருக்கம்பத்தில் பயம் வேறு. பிராட்பேண்ட், கேபிள் டி.வி. ஒயர்கள் பலவற்றில் தாங்குவதற்கு ஸ்டீல் கம்பி இருக்கும். மேலே ஒரு மின்கம்பி அறுந்து அதன்மேல் விழுந்தால், 'வெறும் நெட் ஒயர்' என்று நினைப்பது அடுத்த தெரு வரைக்கும் கரன்ட்டைக் கொண்டுபோகும். அந்தக் கம்பத்தில் ஏறுபவர் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர். 'ஃபைபர் ஷாக் அடிக்காதுண்ணே' என்ற நம்பிக்கைதான் அவர் கையில் இருக்கும் ஒரே பாதுகாப்புக் கருவி என்றால், அது போதாது. லைன் கிளியர் வாங்க வேண்டும், எர்த் ராடு மாட்ட வேண்டும், ஈரமான கேபிளைக் கரன்ட் உள்ள கம்பியாகவே நினைத்துத் தொட வேண்டும். டவர் உச்சியில் போகும் ஓ.பி.ஜி.டபிள்யூ. எர்த் கம்பியை வெட்டி ஜாயின்ட் போடும்போது, வெட்டிய இரு முனைகளையும் தற்காலிகமாக இணைத்து எர்த் செய்யாவிட்டால், பக்கத்து லைனின் தூண்டல் மின்னழுத்தமே ஆளைக் கொல்லும்.

புதிதாகப் பெரிய செலவும் தேவையில்லை. மாதாந்திர பராமரிப்புக்கு எப்படியும் பவர் கட் அறிவிக்கிறார்கள். செப்டம்பரில், முதல் தூறலுக்கு முன் வரும் அந்த நாளில், உயரழுத்த லைன்களின் ஜாயின்ட் டவர்களில் கிளாம்ப் ஓரங்களைத் துடைத்து, கருகல் தடம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அதற்கு மின்வாரியமும் ஃபைபர் நிறுவனமும் ஒரே நாளில் ஒரே டவருக்கு வர வேண்டும். கஷ்டமான பகுதி அதுதான்.

உங்கள் ஊரில் கேபிள் அறுந்து தொங்குவதையோ, விடிகாலையில் கிளாம்ப் ஓரம் நீலப்பொறி தெரிவதையோ பார்த்தால், கிட்டே போகாமல் கம்ப எண்ணைக் குறித்துக்கொண்டு மின்னகம் 94987 94987-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.