பூட்டும் காவலும்

தில்லைக்குச் சென்றோர் பலரும் தேவார ஏடுகளின் கதையைக் கேட்டிருப்பர். மூவர் பதிகங்கள் ஓர் அறையில் இலச்சினையிட்டுப் பூட்டப்பெற்றிருந்தன என்றும், சோழ மன்னன் அதனைத் திறப்பித்தபோது ஏடுகளிற் பெரும்பகுதியைக் கறையான் அரித்திருந்தது என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். வரலாற்றாசிரியர் இதனை எவ்வாறு மதிப்பினும், பூட்டு வேறு, காவல் வேறு என்பதற்கு இதனினும் தக்க சான்றினை யாம் அறியோம். தமிழ் பயிலும் எமக்கு இக்கதை நினைவுக்கு வந்த இடமோ கடலூரில் ஒரு கணிப்பொறிக் கூடம்.

1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸும், அதனைப் பின்பற்றிய லினக்ஸும், ஒரே பொறியிற் பலர் பணியாற்றுதற்கு ஏற்றவை. ஒவ்வொருவர்க்கும் தனியறை போன்றதொரு கோப்பகம் உண்டு. அதனை ‘ஹோம்’ என்பர். ‘பாஸ்வேர்டு’ என்னும் கோப்பில் ஆளுக்கொரு வரி; வரிக்கு ஏழு பகுதி. மூன்றாவது அவரது எண். ஆறாவது அவரது இல்லம் இருக்குமிடம். உரிமையைப் பொறி எண்ணைக்கொண்டே அறியும். பெயர் நம் பொருட்டு.

அக்கூடத்தில், படிப்பு முடித்துச் சென்ற மூத்த மாணவர் ஒருவரின் கணக்கை நீக்கினர், இல்லத்தை மறந்தனர். அவரது எண் பட்டியலிற் கடைசியாகலின், அடுத்து வந்த முதலாண்டு மாணவர்க்கு அவ்வெண்ணே வாய்த்தது. அம்மாணவர் ஒருநாள் தம் கோப்புகளைத் தேட, முன்னவர் தம் தந்தையார்க்கு எழுதி அனுப்பாது வைத்த கடிதங்கள் யாவும் ‘உம்முடையன’ என்று திரையில் வந்து நின்றன. அவர் நல்லவர், படியாது மூடினார். எல்லாரும் அத்தகையரோ?

இரவுதோறும் தானே இயங்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று இருப்பின் இது நேர்ந்திராது. ஒவ்வோர் இல்லமும் உண்மையில் உளதா, எண் பொருந்துகின்றதா, பிறர் எழுதுமாறு கதவு திறந்துகிடக்கின்றதா, உரியவர் அற்ற இல்லம் எஞ்சியுளதா என்னும் நான்கு வினாக்களே போதும். இருபது வரிகளில் அடங்கும். ஆக்கித் தருவோரே அனைத்தும் பார்த்துக்கொள்வர் என்றிருத்தலும் ஆகாது. உபுண்டு லினக்ஸில், 2021இல் 21.04ஆம் பதிப்பு வரும்வரை, புதிய இல்லங்கள் 755 என்னும் அனுமதியோடு, அஃதாவது எவரும் உட்புகுந்து நோக்குமாறே, அமைந்தன. அப்பதிப்பிலேதான் அஃது 750 ஆயிற்று.

பொருந்தாத இல்லத்தை ஸ்கிரிப்டே அழித்துவிடட்டும், உள்ளிருப்பதையும் படிக்கட்டும் என்பாரும் உளர். இதனை யாம் வன்மையாக மறுக்கின்றோம். அப்பட்டியலில் மாந்தர் மட்டும் இலர். பொறியின் உட்பணிகளுக்குரிய கணக்குகளும் உள. அவற்றுட் சிலவற்றிற்கு இல்லமாகக் குறித்திருப்பது ஒரு சாய்கோடு மட்டுமே. அதன் பொருள் பொறி முழுமைக்கும் வேரான இடம் என்பது. அதனையும் ஓர் அறையென்றெண்ணி அழிக்கப் புகும் ஸ்கிரிப்ட், குப்பை கூட்டப் போய்க் கல்லூரியையே இடித்ததாகும். படித்தலோ இன்னும் தகாது. விடுதிக் காவலர் கதவு தாழிட்டிருக்கின்றதா என்று பார்க்கலாம். பெட்டியைத் திறத்தல் அவர் பணியன்று. ஸ்கிரிப்ட் கண்டதை எழுதி வைக்கட்டும். அழிப்பதை மனிதர் ஆராய்ந்து செய்யட்டும். அங்ஙனம் எழுதியதை இல்லத்தார்க்கும் அறிவித்தல் வேண்டும். ஸ்கிரிப்டும் மாணவர் படிக்கக்கூடிய இடத்தில் இருத்தல் வேண்டும்; நம்மை எது நோக்குகின்றது என்று நாம் அறிய வேண்டாவா?

அக்கடிதங்களை ஒரு பென்டிரைவிற் படியெடுத்து, இப்போது சிதம்பரத்திற் பயிலும் அம்மூத்த மாணவரிடம் சேர்ப்பித்தோம். அவை தொலைந்தன என்றே அவர் எண்ணியிருந்தாராம்.