பஞ்சு வரி: இழை நீளம் பார்த்து விலக்குங்கள்

சுங்க அட்டவணையில் பின்னலாடை 61-ஆம் அத்தியாயம், நெய்த துணியில் தைத்த ஆடை 62. பருத்தி போட்டவர்கள் பார்க்க வேண்டியது 52. பஞ்சு அங்கேதான் இருக்கிறது.

2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சுக்கு 11 சதவீத வரி வந்தது. 2024 பிப்ரவரியில், 32 மில்லிமீட்டருக்கு மேல் இழை நீளமுள்ள பஞ்சுக்கு மட்டும் அதை நீக்கினார்கள். நல்ல முடிவு. அந்த ரகம் நம்மிடம் குறைவு, ஆலைகளுக்கோ தேவை.

2025 ஆகஸ்ட் 19 முதல் எல்லாப் பஞ்சுக்கும் விலக்கு தந்தார்கள். செப்டம்பர் 30 வரை என்றது, டிசம்பர் 31 வரை நீண்டுவிட்டது. நாட்டின் புதுப் பருத்தி சந்தைக்கு வரும் மாதங்கள் இவைதானே! மானாவாரியில் போட்டு, தை மாதம் பறிக்கும் பெரம்பலூர்க்காரர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. வரியில்லாமல் வாங்கிய பஞ்சு அப்போதும் ஆலைக் கிடங்கில் இருக்கும்.

2025-இல் அமெரிக்காவின் 50 சதவீத வரியால் திருப்பூர் தவித்தது உண்மை. அந்தச் சுமையை உங்கள் தலையில் இறக்கியது என்ன நியாயம்? ஏற்றுமதியாளருக்கு வேண்டிய உதவியை அரசு தன் கருவூலத்திலிருந்து தரட்டும். பஞ்சு வரியை மாற்றுவதானால் விதைப்புக்கு முன்பே அறிவிக்க வேண்டும். நீண்ட இழைப் பருத்திக்கு 2025-26 பருவத்தில் அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய். வியாபாரி ஆதரவு விலைக்குக் கீழே கேட்டால், இந்தியப் பருத்திக் கழகத்தின் கொள்முதலை விசாரிக்காமல் மூட்டையை இறக்காதீர்கள்.