ஓலையில் இல்லாத தடை

தமிழ்க் கத்தோலிக்கக் கோவில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் மணம் பேசியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள் என்பதே அதன் சாரம். 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் திருச்சபை முழுமைக்கும் விதித்த வழக்கம் இது. எதெல்லாம் தடை? ஏற்கெனவே மணமானவரா, நெருங்கிய ரத்த உறவா, குருப்பட்டம் பெற்றவரா என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் சாதி இல்லை. எத்தனை தடவை படித்தாலும் இல்லை.

ஆனால் ஓலை வரைக்கும் ஒரு கல்யாணம் வருவதற்குள் நம்ம வீடுகளில் சாதி பார்த்து முடிச்சாச்சு. மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். ஆர்.சி. என்றோ சி.எஸ்.ஐ. என்றோ போட்டு, பக்கத்திலேயே சாதிப் பெயர். ஞானஸ்நானத் தண்ணீரில் கரையாத ஒரே பொருள் அதுதான் போல.

இப்படிச் செய்பவர்கள்தான் ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் திருமணத்தின் புனிதம் தெரியவில்லை’ என்று புலம்புகிறார்கள். சரி, புனிதம் எங்கே இருக்கிறது? கத்தோலிக்க மரபில் திருமணம் ஏழு அருட்சாதனங்களில் ஒன்று. அதை நிறைவேற்றுவது குருவானவர்கூட இல்லை. மணமக்களே ஒருவருக்கொருவர் நிறைவேற்றிக்கொள்கிறார்கள் என்பது லத்தீன் திருச்சபையின் போதனை. குருவானவர் திருச்சபையின் சாட்சி. இருவரின் சுதந்திரமான சம்மதம் இல்லையென்றால் அங்கே திருமணமே இல்லை. பெற்றோர் ஒப்பவில்லை என்பதற்காக ஒரு திருமணம் செல்லாமல் போய்விடாது என்று 1563லேயே திரெந்து பொதுச்சங்கம் சொல்லிவிட்டது. இதை எந்த மாமாவாவது நமக்குச் சொன்னாரா?

விவிலியத்துக்கு வாங்க. மோசே கூஷ் நாட்டுப் பெண்ணை மணந்ததற்காக மிரியாமும் ஆரோனும் அவரைக் குறை பேசினார்கள். தோல்நோய் வந்தது மோசேக்கு இல்லை, மிரியாமுக்கு. ரூத் மோவாபியப் பெண். மத்தேயு எழுதிய இயேசுவின் வம்சாவளியில் அவள் பெயர் இருக்கிறது. நம்ம ஊர் தரகர் கையில் கிடைத்திருந்தால் அந்த ஜாதகம் முதல் சுற்றிலேயே கழிந்திருக்கும்.

‘பழக்கவழக்கம் ஒத்து வரணும்ல’ என்பார்கள். ஒரே பூசை, ஒரே ஜெபமாலை, ஒரே கிறிஸ்துமஸ் பிரியாணி. இதற்கு மேல் என்ன ஒத்து வரணும்? வடக்கன்குளம் கோவிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது, தோற்றது. கோவிலில் இடிந்த சுவரை வீட்டுக்குத் தூக்கி வந்து கல்யாணப் பேச்சில் கட்டிக்கொண்டோம்.

திருமணம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது பெரிய விஷயம் என்பதால்தான் இந்தக் கோபம். கிறிஸ்துவுக்கும் சபைக்கும் உள்ள உறவுக்கு ஒப்பாகப் பவுல் அதைச் சொன்னார். சாதியைக் காப்பாற்றி அடுத்த தலைமுறைக்குக் கடத்துகிற வண்டியாக நாம் ஆக்கி வைத்திருக்கிறோம். கோவிலில் முழந்தாளிடக் கற்றுக்கொடுத்த அதே பெற்றோருக்குப் பயந்து, ஒரே விசுவாசத்தில் வளர்ந்த இரண்டு பேர் பதிவு அலுவலகத்துக்கு ஓடினால், அது திருமணத்தின் தோல்வி இல்லை. சபையின் தோல்வி.

மேய்ப்பர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம். அடுத்த ஞாயிறு ஓலை வாசித்து முடித்ததும் இன்னொரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்: சாதி ஒரு தடை இல்லை. மைக் முன்னால், சத்தமாக. முதல் பெஞ்சில் யார் முகம் சுருங்குகிறது என்று பார்த்தால், மறையுரையை எங்கிருந்து தொடங்கணும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.