கொல்லைப்புறத்தில் மண் குளியல்: குழி வேண்டாம், ஒரு வாளி மண் போதும்!

சித்திரை பிறந்துவிட்டால் தூத்துக்குடியில் மின்விசிறிக் காற்றும் அனலாகத்தான் வரும். கடல் பக்கம் என்பதால் வியர்வையும் லேசில் காயாது. உடம்பெல்லாம் எரிச்சல். அந்த நேரத்தில் கைபேசியில் வரும் மண் குளியல் வீடியோக்கள் யாருக்கும் ஆசை காட்டும். குழி வெட்டி, சேற்றை நிரப்பி, கழுத்து வரை புதைந்து கிடக்கிறார்கள். 'நம் வீட்டுக் கொல்லையிலும்தான் இடம் கிடக்கிறதே' என்று தோன்றுவது இயல்பு. இடம் இருக்கலாம். அங்கே கிடக்கும் மண் அதற்கு ஏற்றதா என்பதுதான் முதல் கேள்வி.

எந்த ஊரில் என்ன மண்?

தூத்துக்குடி மாவட்டத்தில் மண் ஊருக்கு ஊர் மாறும். நகரை ஒட்டிய கடலோரம் முழுக்க உப்பளங்கள். அங்கே மணலும் உப்பும்தான். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் தேரிச் செம்மணல். கையில் அள்ளினால் உதிர்ந்து ஓடிவிடும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல். ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் என்று தாமிரபரணி பாயும் ஊர்களில்தான் நல்ல வண்டலும் களிமண்ணும்.

அந்த வண்டல் லேசுப்பட்டதல்ல. முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகமான கொற்கை, இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. காலங்காலமாக ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் கடலையே தள்ளி வைத்துவிட்டது. சோப்பும் ஷாம்பும் வருவதற்கு முன் கிராமத்துப் பெண்கள் தலைக்குத் தேய்த்துக் குளித்த கரம்பையும் குளத்தில் படிந்த இந்த வண்டல்தான்.

மண் என்ன செய்யும், என்ன செய்யாது?

மண் சிகிச்சையை இந்தியாவில் பலருக்கும் தெரியவைத்தவர் காந்தி. அடால்ஃப் ஜஸ்ட் என்ற ஜெர்மானியர் எழுதிய புத்தகத்தைத் தென்னாப்பிரிக்காவில் படித்துவிட்டு, சுத்தமான மண்ணை நனைத்துத் துணியில் பரப்பி வயிற்றில் பற்றுப் போட்டுப் பார்த்தார். 1946-ல் புனே அருகே உருளி காஞ்சனில் அவர் தொடங்கிய இயற்கை மருத்துவ ஆசிரமம் இன்றும் நடக்கிறது.

ஈரக் களிமண் தண்ணீரை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் மெல்ல ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான். அதனால் உடம்பு குளிரும், மனசு லேசாகும், நல்ல தூக்கம் வரும். 'உடம்பில் உள்ள நச்சையெல்லாம் மண் உறிஞ்சி எடுத்துவிடும்' என்பது மட்டும் வெறும் பேச்சு. அந்த வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது.

மண்ணைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மேல்மண் கூடாது. உரம், பூச்சிமருந்து, ஆடுமாட்டுக் கழிவு எல்லாம் அதில்தான் கலந்திருக்கும். 3 அடி ஆழத்துக்குக் கீழே உள்ள மண்ணையே எடுக்க வேண்டும் என்பது இயற்கை மருத்துவர்கள் வைத்திருக்கும் விதி. செப்டிக் டேங்க், சாக்கடை, பட்டறை, தொழிற்சாலை இவற்றின் பக்கத்து மண்ணைத் தொடவே வேண்டாம்.

களிமண்தானா என்று அறிய, ஈரமண்ணைக் கயிறு போல உருட்டிப் பாருங்கள். உடையாமல் நீண்டால் களிமண். உப்பு இருக்கிறதா என்று அறிய, ஒரு பிடி மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்தண்ணீரைக் கறுப்புத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். வெள்ளையாகப் பூத்தால் அந்த மண் ஆகாது. வேர்க்குரு உடம்பில் பட்டால் இன்னும் எரியும்.

குளத்து மண்ணை இஷ்டத்துக்கு அள்ளக் கூடாது, அனுமதி வேண்டும். அதைவிட, மண்பாண்டம் செய்பவரிடம் கல் நீக்கிய களிமண் விலைக்குக் கேட்பது சுலபம்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஆற்றங்கரை ஊர்களில் வீட்டுக்குள்ளேயே வண்டல் வந்து படிந்தது. பார்க்கப் பட்டுப்போல இருந்தாலும், வெள்ளம் விட்டுப்போகும் மண்ணில் சாக்கடையும் செத்த பிராணிகளும் கலந்திருக்கும். அது எந்தக் காலத்திலும் குளியலுக்கு ஆகாது.

குழி ஏன் வேண்டாம்?

குழியில் நிரப்பிய சேற்றை ஒரே நாளில் மாற்ற யாருக்கும் மனசு வராது. ஒருவர் வியர்வையும் தோல் நோயும் அடுத்தவருக்குப் போகும். தண்ணீர் தேங்கினால் கொசு. அதற்குப் பதில், வேப்பமரத்து நிழலிலோ ஓலைப் பந்தலின் கீழோ 6 அடி நீளம், 3 அடி அகலத்தில் சொரசொரப்பான சிறு தளம் போடுங்கள். தென்னை, வாழைப் பக்கம் சரிவு இருக்கட்டும். கழுவிய மண்ணும் தண்ணீரும் மரத்துக்கே போகும். சாக்கடைக் குழாயும் அடைக்காது.

மண்ணை வெயிலில் நன்றாகக் காயவைத்து, இடித்து, சலித்து, முதல் நாள் இரவே நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். ஓர் ஆளுக்கு ஒரு வாளி தாராளம். முதலில் முழங்கையில் கொஞ்சம் பூசி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால் மறுநாள் காலையில், வயிறு நிறையச் சாப்பிடாமல், கண், வாய், காது தவிர்த்துப் பூசலாம். நிழலில் 20 முதல் 30 நிமிடம் போதும். வெடித்துக் காயும்வரை விட வேண்டாம். நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கழுவுங்கள், வறட்டுத்தனமாகத் தேய்க்காதீர்கள். ஒருமுறை பூசிய மண் மறுமுறைக்கு ஆகாது.

யாருக்குக் கூடாது?

இதுதான் மிக முக்கியம். வெயிலில் காயவைத்தால் மண் சுத்தமாகிவிடும் என்று நம்பக் கூடாது. டெட்டனஸ் கிருமியின் வித்துகள் வெயிலுக்குச் சாகாது. ஈரமண்ணில் வாழும் ஒரு கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் என்ற நோய் தமிழகத்திலும் உண்டு. அது சிறு காயம் வழியாகவே உள்ளே போகும். சர்க்கரை நோயாளிகளைத்தான் அதிகம் தாக்கும்; உயிருக்கே ஆபத்தாகும்.

எனவே சர்க்கரை நோய், ஆறாத புண், வெட்டுக்காயம், காய்ச்சல், இதய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், சின்னக் குழந்தைகளும் வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம். மற்றவர்களும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. மண் பூசிய சில நாட்களிலோ வாரங்களிலோ காய்ச்சல் வந்தால், மண் பூசியதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் சரியான பரிசோதனைக்கு வழிகாட்டும்.

வீட்டில் தாத்தா பாட்டிக்கு ஆசை இருந்து சர்க்கரையும் இருந்தால், பாதத்தில் மண் படாமல், மெல்லிய துணியில் நல்ல தண்ணீரை நனைத்து நெற்றியிலும் வயிற்றிலும் கால் மணி நேரம் போடுங்கள். அந்தக் குளிர்ச்சிக்கு மண்ணே தேவையில்லை.