மேய்ச்சல் நிலமும் மலை நகரமும்

கலீபா உமர் (ரலி) அவர்கள் தமது ஆட்சிக் காலத்தில், 'ஹிமா' எனப்பட்ட பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்துக்கு ஹுனை என்பவரைக் காவலராக அமர்த்தினார்கள். அவருக்கு இட்ட கட்டளை புகாரி ஷரீபில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடைய எளியவர்களை உள்ளே விடவேண்டும். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) ஆகிய செல்வர்களின் மந்தைகளை விடலாகாது என்பது அதன் சாரம். செல்வரின் கால்நடைகள் மடிந்தால் அவருக்குப் பேரீச்சந்தோட்டமும் விளைநிலமும் உண்டு. ஏழையின் மந்தை மடிந்தாலோ அவன் தன் பிள்ளைகளுடன் கலீபாவின் முன் வந்து நிற்பான் எனக் காரணமும் கூறினார்கள். தடுக்கப்பட்ட இருவரும் சுவர்க்கத்தின் நன்மாராயம் பெற்ற பதின்மரில் இடம்பெற்ற ஸஹாபாக்கள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்!

கோடை விடுமுறையில் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் குடும்பத்தோடு புறப்படுகிறோம். அவ்வூர்களும் ஒருவகையில் ஹிமாக்களே. சோலைக் காடும் புல்வெளியும் மழைநீரை உறிஞ்சி வைத்து, மழையற்ற மாதங்களிலும் ஓடைகளாகக் கசியவிடுகின்றன. அங்கே சிமெண்டுத் தளம் எழும்பினால் நீர் தங்குவதில்லை. மண்ணை அரித்துக்கொண்டு கீழே பாய்கிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் பெருமழையால் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இவ்விரு ஊர்களுக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு உதகைக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000 என வரம்பும் விதிக்கப்பட்டது. உள்ளூர் வண்டிகளுக்கும், அரசுப் பேருந்துகளுக்கும், விளைபொருள் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. இது நல்ல ஏற்பாடே. வணிகர்கள் எதிர்த்தனர், அவர்களது வருத்தமும் பொய்யன்று. கடலையும் கம்பளியும் விற்பவருக்குக் கோடையின் இரண்டு மாதங்களே ஆண்டுப் பிழைப்பு.

ஆனால் வரம்பு யார்மீது விழுகிறது? சோதனைச் சாவடியில் நின்று வண்டிகளை எண்ணுவது எளிது. சரிவை வெட்டி எழுப்பிய மாடிகளையும், பெரிய விடுதிகளின் ஆழ்துளைக் கிணறுகளையும் எண்ணுவதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். ஏழையின் ஆட்டை வாசலில் மறித்துவிட்டு, பெரிய மந்தையைப் பின்வழியாக விட்டால் அது ஹிமா ஆகுமா?

சிம்லாவைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,70,000 மக்கள் வாழ்ந்த நகரம் அது. 2018 மே மாத இறுதியில் அங்கே குடிநீர் வரத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மக்கள் நள்ளிரவிலும் குடங்களோடு காத்து நின்றனர். தயவுசெய்து வராதீர்கள் என்று சுற்றுலாப் பயணிகளிடம் வேண்டினர். அப்போது இமாசல உயர் நீதிமன்றம் கட்டட வேலைகளையும் வண்டி கழுவுவதையும் நிறுத்திவைத்தது. அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும், நீதிபதிகளுக்குங்கூட, தனியே லாரித் தண்ணீர் அனுப்பலாகாது என்றும் ஆணையிட்டது. ஹுனைக்கு இடப்பட்ட கட்டளையின் சாயலை இதில் காணலாம். என்ன, ஊர் வறண்ட பிறகு வந்த ஆணை அது. உமர் (ரலி) அவர்களோ புல் இருக்கும்போதே வரம்பிட்டார்கள்.

நம் மலைகளில் இன்னும் புல் இருக்கிறது. கட்டட அனுமதியில் அந்த வரம்பை முதலில் காட்டுவதே அரசின் கடமை. நம் பங்குக்கு, ஹஜ்ஜுப் பெருநாள் கோடை விடுமுறையோடு சேர்ந்து வரும் ஆண்டுகளில், ஒரு தெருவினர் பத்து வண்டிகளில் புறப்படும் வழக்கத்தை விடலாமே. மேட்டுப்பாளையத்திலும் வத்தலக்குண்டிலும் அரசுப் பேருந்து நிற்கிறது.