இரண்டு சென்ட் இடம் போதும். மழைக்காலத்தில் கோட்டை விட்டால் தேனீ ஓட்டம்!

மார்த்தாண்டம்:
குமரி மாவட்டத்தில் வீட்டுத் தோட்டத்தில் தேனீ வளர்க்க ஆசைப்படுவோருக்கு வரும் முதல் சந்தேகம், "ரெண்டு சென்ட் இடம் பத்துமா?" என்பதுதான். தாராளமாகப் பத்தும். சிக்கல் இடத்தில் இல்லை, மழைக்காலத்தில்தான்.

ஒரு பெட்டி வைக்க ஸ்டூல் போடும் இடம் போதும். தேனீக்கள் மேய்வது அக்கம்பக்கத்து தென்னை, முருங்கை, புளி மரங்களில். சுற்றிலும் மரம், செடி இல்லாத இடத்தில் பெட்டி வைத்தால் பலன் இல்லை.

மாவட்டத்தில் தேனுக்கு ஆதாரம் ரப்பர். ஜனவரி முதல் மார்ச் வரை புதுத் தளிர் விடும்போது, பூவில் மட்டுமின்றி இலைக்காம்பிலும் இனிப்பு நீர் சுரக்கிறது. அதுதான் சீசன். அப்போது பெட்டி வாங்குவோர், வருஷம் முழுக்க தேன் கொட்டும் என்று கணக்குப் போட்டு விடுகின்றனர்.

ஜூன் மாதம் மழை பிடித்ததும் நிலைமை தலைகீழ். பூ குறையும். தேனீ வெளியே போக முடியாது. உள்ளே தீனி இல்லாவிட்டால் ராணியோடு மொத்தக் கூட்டமும் பெட்டியைக் காலி செய்து விடும். போட்ட காசு போச்சு.

இதைத் தடுக்க வழி உண்டு. மேல் அறைத் தேனை மட்டும் எடுத்து, புழு அறைத் தேனைத் தொடாமல் விட வேண்டும். பஞ்ச காலத்தில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்த பாகை சாயங்காலம் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் பக்கத்துக் கூட்டத் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்து விடும். எறும்பு ஏறாமலிருக்க, ஸ்டாண்டின் கால்களை தண்ணீர் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும்.

நெருக்கமான வீடுகள் என்றால் அக்கம்பக்கத்தாரையும் நினைக்க வேண்டும். பெட்டி வாசலை நடைபாதைப் பக்கம் வைக்கக் கூடாது. வாசலுக்கு எதிரே சில அடி தள்ளி ஆள் உயர வேலி இருந்தால், தேனீக்கள் தலைக்கு மேலே ஏறிப் பறக்கும். கொட்டுப்பட்டவருக்கு மூச்சுத்திணறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிதான். கொட்டுக்குப் பயந்தவர்களுக்கு, கொடுக்கு இல்லாத கொசுத்தேனீ இருக்கிறது. தேன் கொஞ்சம்தான் கிடைக்கும்.

1990-களின் தொடக்கத்தில் 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய் தென் மாநிலங்களில் பெட்டி பெட்டியாக தேனீக்களை அழித்தது. அனுபவசாலிகளே கைபிசைந்து நின்றனர். புதியவர்கள் எடுத்ததும் பத்து பெட்டி வாங்குவது ஆபத்து. ஒன்றிரண்டு பெட்டியே போதும்.

முதல் வருஷம் எத்தனை பாட்டில் தேன் என்று எண்ண வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டியும் கூட்டம் பெட்டியில் இருந்தால், அதுவே லாபம்.